மூன்றாம் வால்வுக்காரரின் சொந்த நிறம்

மூன்றாம் வால்வுக்காரர் திங்கட்கிழமைகளில் நீலமாகவும் புதன்கிழமைகளில் இளஞ்சிவப்பாகவும் வீடு திரும்புவார். இரசாயன ஆலையில் அன்றைக்கு அவருடைய வால்வு வழியே எது ஓடியதோ, அதன் நிறம் தோலில் ஏறிவிடும், சோப்புக்கு அசையாது. குழாய்க்குள் ஓடுவது என்னவென்று அங்கே தொழிலாளிகளுக்குச் சொல்வதில்லை. மணி அடித்தால் திறக்க வேண்டும், மறுமணிக்கு மூட வேண்டும். தெருக்காரர்கள் அவரைப் பார்த்துத்தான் கிழமை தெரிந்துகொண்டார்கள். கல்யாணத்தன்று பச்சையாக இருந்தார். முகம் சுளித்த பெண்வீட்டார், நிரந்தர வேலை என்று கேள்விப்பட்டதும் வாயை மூடிக்கொண்டார்கள். ஏறிய நிறம் இளக இரண்டு நாள் ஆகும் என்பதால் ஞாயிறு விடுமுறையிலும் சனிக்கிழமையின் மஞ்சள் போகாது. ஆகவே அவருடைய சொந்த நிறத்தை மனைவி கண்டதே இல்லை; அவருக்கே அது மறந்துபோயிருந்தது.

இவர்களுடைய ஒரே மகள் வேதிப் பொறியியலுக்கு விண்ணப்பித்தபோதுதான் வம்பு ஆரம்பித்தது. இந்தப் படிப்பு ஏன் என்ற கேள்விக்கு மற்ற பிள்ளைகள் நாட்டு முன்னேற்றம், உலக நன்மை என்று பக்கம் பக்கமாக அளந்திருந்தார்கள். அவர்களை யாரும் சந்தேகப்படவில்லை. இவள், 'அப்பாவின் சொந்த நிறத்தைப் பார்க்க வேண்டும்' என்று ஒரே வரி எழுதினாள். இதை ஒருவரும் நம்பவில்லை. நேர்முகத் தேர்வில் மூன்று பேராசிரியர்கள் துருவித் துருவிக் கேட்டார்கள்.

"யாரும்மா உன்னை இப்படி எழுதச் சொன்னது? உண்மையைச் சொல்லு."

"யாரும் சொல்லல சார். ஒண்ணாம் வகுப்புல அப்பாவை வரையச் சொன்னாங்க. எந்தக் கலரை எடுக்கறதுன்னு தெரியாம வெறும் பேப்பரைக் குடுத்துட்டு வந்தேன்."

மதிப்பெண் அதிகம் என்பதால் வேறு வழியில்லாமல் இடம் கொடுத்தார்கள். செய்தி ஆலைக்குப் போனது. இரகசியச் செய்முறையை அப்பாவின் தோலிலிருந்து படித்துப் போட்டிக் கம்பெனிக்கு விற்கப் போகிறாள் என்று முடிவுகட்டிய மேலாளர், அவரைக் கொஞ்ச நாள் கையுறையும் முகத்துணியும் மாட்டித்தான் வெளியே விட்டார். தெருவோ, மேலாளரே அவளை விலைக்கு வாங்கிவிட்டதாகப் பேசியது. அம்மா, "நிறம் போனா வேலையும் போயிடும்டி, வாயை வச்சிக்கிட்டு சும்மா இரு" என்றாள். எல்லாவற்றையும்விட அப்பாவின் சந்தேகம்தான் அவளைச் சுட்டது.

"நான் இப்படி இருக்கறது உனக்கு வெக்கமா இருக்கா?"

"வெக்கமா இருந்தா எங்கேயாவது ஓடிப் போயிருப்பேன்ப்பா. உங்க உடம்புக்குள்ள என்ன ஏறுதுன்னு தெரியாம எனக்குப் பயமா இருக்கு."

நான்கு வருஷம் கழித்து அதே ஆலையில் வேலைக்குச் சேர்ந்தாள். கண்ணெதிரே இருந்தால் கண்காணிக்கலாம் என்று மேலாளர் சேர்த்துக்கொண்டார். முதல் வாரமே, திங்கட்கிழமை காலையில், மூன்றாம் வால்வைக் கழற்றினாள். தண்டைச் சுற்றி ஆவி கசியாமல் அடைக்கும் கயிறு தூளாகிக் கிடந்தது. வருஷத்துக்கொரு முறை மாற்ற வேண்டியது. பதிவேட்டிலோ எல்லா வருஷமும் மாற்றியதாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே அப்பாவின் கையெழுத்து. ஷிப்ட் முடிந்து கிளம்புகிறவரிடம் வாசலில் தாளை நீட்டுவார்கள், அவரும் படிக்காமலே போட்டுவிடுவார். அவளே புதுக் கயிற்றைச் சுற்றினாள். அரை நாள் வேலை, அவ்வளவுதான்.

அன்று மாலை ஆலைக் குளியலறையில் முதன்முறையாக நிறம் சோப்போடு கரைந்து போனது. தெருவில் அவருக்கு யாரும் வணக்கம் சொல்லவில்லை. யாரோ வேவு பார்க்கிறான் என்று ஜன்னல்களைச் சாத்தினார்கள். கதவைத் திறந்த மனைவி, கழுத்தில் மச்சம் வைத்த மாநிற ஆளைப் பார்த்தாள்.

"யாருங்க நீங்க? அவர் இன்னும் வரல" என்று கதவைச் சாத்தினாள்.

அவர் வழக்கம்போல் இரண்டு கைகளாலும் கைப்பிடியைப் பிடித்து, கால் சுற்று திருப்பி, நிறுத்தி, மறுபடி கால் சுற்று திருப்பினார். கதவை வால்வாக நினைத்துத் திறக்கிற ஆள் அந்த வீட்டில் ஒருவர்தான். சத்தம் கேட்டு வந்த மனைவி அவரை வெகுநேரம் பார்த்தாள்.

"மச்சம் இருக்குன்னு சொல்லவே இல்லையே" என்றாள்.

பின்னாலேயே வந்து சேர்ந்த மகள் வாசலில் நின்றபடி விசும்பி விசும்பி அழுதாள். அடுத்த வாரம் தெருக்காரர்கள் கிழமை தெரியாமல் திண்டாடினார்கள். அப்புறம் ஆளுக்கொரு காலண்டர் வாங்கி மாட்டிக்கொண்டார்கள்.