நூற்று அறுபத்திரண்டாவது அட்டை

வியாழக்கிழமை ருமானா புருஷனோடு சவூதிக்கு, தம்மாமுக்குப் புறப்படுகிறாள். அக்காவின் ஞாபகமாக அந்த எம்பித்ரீ பிளேயரை மட்டும் கேட்டிருந்தாள். அசாருதீன் சரியென்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் அதில் ஓர் ஆல்பம் படமில்லாமல் கிடப்பது உறுத்தியது.

ருமானாவின் அக்கா, அவன் மனைவி சுமைரா இறந்து ஐந்து மாதம். காய்ச்சலென்று படுத்தவள், ஆறாம் நாள் இல்லை. பாட்டு சேர்ப்பது அவள் வேலை. எந்த ஆல்பமானாலும் அதன் அட்டைப்படத்தை இணையத்தில் தேடிப் பிடித்து, அளவு குறைத்து ஏற்றிவிடுவாள். படமில்லாத ஆல்பத்துக்குப் பிளேயர் ஒரு சாம்பல் நிறக் கட்டத்தைக் காட்டும். அது அவளுக்கு ஆகவே ஆகாது. "மூஞ்சி இல்லாம எப்படிங்க பாடும்?" என்பாள். நூற்று அறுபத்தொன்றை முடித்திருந்தாள். மிச்சம் ஒன்று: நிக்காஹ் வீடுகளில் போடுகிற மருதாணிப் பாட்டு. பழைய கேசட்டிலிருந்து அவளே கணினிக்கு மாற்றியது. கேசட்டின் அட்டை எப்போதோ தொலைந்துபோயிருந்தது.

இணையத்தில் அகப்பட்டது தபால்தலை அளவுப் படம். பெரிதாக்கினால் மருதாணிக் கை செங்கல் அடுக்கியது போலத் தெரிந்தது. அவள் விட்டதை இப்படியா முடிப்பது?

அவனுக்கு வேலை சிவகாசியில், பட்டாசு லேபிள் அடிக்கும் ஆஃப்செட் அச்சகத்தில். கணினியில் டிசைன் செய்பவன். திங்கட்கிழமை மெஷின்காரன் பலவேசத்திடம் அந்தத் தபால்தலைப் படத்தைக் காட்டிக் கேட்டான்.

"பழைய கேசட் அட்டையெல்லாம் எங்கன அடிச்சிருப்பாக?"

"எங்கனயா? மெட்ராஸ்ல கம்பெனி வச்சிருந்தவனும் அட்டைக்கு இந்த ஊருக்குத்தாம்லே வந்தான். நாமளே எம்புட்டு அடிச்சிருக்கோம். பின்னால குடோன்ல மாதிரித் தாள் கட்டுக்கட்டாக் கெடக்கு. போய்த் தும்மு."

இரண்டு மதிய இடைவேளைகள் தும்மினான். செவ்வாயன்று கிடைத்தது. வெட்டாத ஒரே தாளில் பதினாறு அட்டைகள். பதினாறிலும் பச்சைத் துணிமேல் விரித்த இரண்டு கைகள், விரல் நுனிவரை மருதாணி. மடிப்பு விழாத ஒன்றைத் தேர்ந்து ஸ்கேன் செய்தான். அச்சுப் புள்ளிகள் தெரியாமல் மழுக்கினான். அறுநூறு பிக்சலுக்குச் சுருக்கி ஏற்றினான்.

சாம்பல் கட்டம்.

அளவு கூடிப்போயிற்று என்று நினைத்தான். புதன்கிழமை ஐநூறாக்கினான். முந்நூறாக்கினான். தரத்தையும் பத்திலிருந்து ஆறுக்கு, ஆறிலிருந்து மூன்றுக்கு இறக்கினான். ஒவ்வொரு முறையும் அதே கோப்பின் மேலேயே சேமித்தான். கட்டம் அசையவில்லை.

பலவேசம் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். "தபால்தலையில தொடங்கி தபால்தலைக்கே வந்துட்டியா? இன்னும் என்னலே, அந்தப் பெட்டிக்கு மை பத்தலையா?"

அசாருதீனின் கை நின்றது.

மை. எந்தப் படத்தைத் தொட்டாலும் முதல் காரியமாக அதை நாலு கலருக்கு மாற்றிவிடுவது அச்சகத்தில் அவன் கைக்குப் பழகிப்போன வேலை. நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. மெஷினுக்கு அதுதான் வேண்டும். பிளேயரின் திரையில் மை ஏது? அங்கே வெளிச்சம்தான்: சிவப்பு, பச்சை, நீலம். நாலு கலர் கோப்பைத் திறக்க அதற்குத் தெரியாது. அளவில் குற்றமே இல்லை.

மூன்று கலருக்கு மாற்றி ஏற்றினான். படம் வந்துவிட்டது. ஆனால் திரும்பத் திரும்பச் சுருக்கியதில் மருதாணிக் கோடுகள் கரைந்து, கைகள் சட்னியில் முக்கியெடுத்தவை போல இருந்தன.

அந்நேரம் ருமானா போன் செய்தாள். "மச்சான், பெட்டியெல்லாம் கட்டியாச்சு. பிளேயர்?"

"படம் சரியா வரல."

"நான் பாட்டு கேக்கத்தானே கேட்டேன்? படம் பாக்கவா? இருக்கறபடி குடுங்க."

"காலையில கொண்டுட்டு வர்றேன்."

தாளை மறுபடி ஸ்கேனரில் வைத்தான். பெரிய கோப்பைத் தனியே பத்திரப்படுத்தினான். முதலில் மூன்று கலர். பிறகு ஐநூறு பிக்சல். ஒரே ஒரு தடவை சுருக்கம், தரம் எட்டு. அறுபது கிலோபைட்டுக்குள் அடங்கியது. இப்போது விரல் நகத்தின் செம்மைகூடத் தெரிந்தது.

வியாழன் காலை விருதுநகரில் மாமியார் வீடு. வாசலில் கார் நின்றது. குல்சார் பேகம் இட்லித் தட்டை நீட்டினாள். "சாப்பிட்டீகளா மாப்பிள்ளை? முகமெல்லாம் வாடிக் கெடக்கு."

"ஆச்சு மாமி." ஆகவில்லை.

பிளேயரை ருமானாவிடம் கொடுத்தான். அவள் கட்டம் கட்டமாகத் தள்ளிக்கொண்டே போனாள். எல்லாவற்றிலும் படம். கடைசியில் மருதாணிக் கைகள். "அட, நல்லாருக்கே," என்றாள். பார்வை அதில் ஒரு கணம்கூட நிற்கவில்லை. விரல் தானாகப் பாட்டை அமுக்கியது. காதில் மாட்டாத இயர்போனிலிருந்து பெண்களின் குரல் ஈ பறப்பது போல மெல்லியதாகக் கசிந்தது.

மூன்று நாளாக அந்தப் பாட்டோடு கிடந்தவன் ஒரு வரிகூடக் கேட்கவில்லை. மூன்று நாள் என்ன, ஐந்து மாதமாக எதையுமே கேட்கவில்லை.

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தான். ருமானா பிளேயரை அணைத்துப் பைக்குள் போடப் போனாள்.

"இரு," என்றான் அசாருதீன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "முதல்லேருந்து வை."