சந்தனம் வைத்த பிளொப்பி

மின்சாரம் இல்லாத ஊரில் கொம்பியூட்டர் படிப்பித்தார்கள் என்றால் இன்று கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். தொண்ணூற்றிரண்டாம் ஆண்டில் மானிப்பாய்க்கும் சண்டிலிப்பாய்க்கும் நடுவே ஒரு வாசிகசாலையில் அது நடந்தது. லண்டனுக்குப் போன ஊர்க்காரர்கள் சங்கம் அமைத்து, கொழும்புப் பாதை திறந்திருந்த காலத்தில் அனுப்பிவைத்த பெட்டி அது. வந்து ஆறு மாதத்தில் சண்டை தொடங்கிக் கரண்ட் போனது, போனது போனதுதான். என்ன செய்வதென்று தெரியாமல் ஒன்றரை வருடம் துணியால் மூடி வைத்திருந்தார்கள். பிறகு யாரோ ஒரு சின்ன ஜெனரேற்றர் கொடுத்தார்கள். கிழமைக்கு ஒரு போத்தல் மண்ணெண்ணெய், ஞாயிறு காலையில் ஒரு மணித்தியாலம் வெளிச்சம். மிச்ச ஆறு நாளும் பிள்ளைகள் மட்டையில் கீறிய கீபோர்டில்தான் விரல் பழகினார்கள்.

அந்த மட்டைகளைக் கீறியவள் மகாதேவி. மயிலிட்டிக்காரி, வயது இருபத்தொன்று. தொண்ணூறில் ஊர் முழுக்க எழும்பி ஓடியபோது கணக்குப் புத்தகத்தையும் தம்பியையும் மட்டும் தூக்கிக்கொண்டு வந்தவள். தகப்பன் முத்துக்குமாருவுக்குக் கடலில் வள்ளம் இருந்தது; இப்போது அகதி முகாமில் ஒரு பாய் இருந்தது. மகாதேவி முகாமிலிருந்தே ஏ.எல். எடுத்து, மூன்று புள்ளியால் பல்கலைக்கழகத்தைத் தவறவிட்டாள். அதன்பிறகு தொண்டர் ஆசிரியை. தொண்டர் என்றால் சம்பளம் இல்லை என்று பொருள். மரியாதையும் இல்லை என்பது போகப்போகத்தான் விளங்கும்.

வாசிகசாலைத் தலைவர் அருளம்பலம் முன்பு ஓவசியராக இருந்து ரோட்டு அளந்தவர். ஆட்களையும் அதே சங்கிலியால்தான் அளப்பார். அவருடைய மருமகன் செல்வரட்ணமும் அங்கே தொண்டர். கெட்டவன் என்று சொல்ல முடியாது. நல்லாய்ச் சிரிப்பான், ஜெனரேற்றரின் கயிற்றை இழுப்பான், பிறகு கதிரையில் சாய்ந்திருப்பான். கஷ்டப்படாமல் எல்லாம் கிடைத்துப் பழகிய முகம்.

புரட்டாதியில் லண்டன் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. வகுப்பில் செய்த வேலை ஏதாவது இருந்தால் ஒரு பிளொப்பியில் பதிந்து அனுப்புங்கள். திறமாக இருந்தால் செய்தவருக்குக் கொழும்பில் ஒரு வருடப் படிப்பும் தங்குமிடமும், முடிந்ததும் வேலையும் என்று எழுதியிருந்தார்கள். இடம் ஒன்றே ஒன்று.

அந்த ஓர் இடம் தனக்குத்தான் என்று மகாதேவி நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? வேலை என்று சொல்ல அந்த வாசிகசாலையில் அவள் செய்தது ஒன்றுதான் இருந்தது. சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒரு புரோகிராம். கொம்பியூட்டருக்குத் தமிழ் தெரியாது. அதனால் சதுரக் கோட்டுக் கொப்பியில் ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாய்க் கீறி, அந்தப் புள்ளிகளை இலக்கமாக்கி, அதற்குள் ஏற்றினாள். புரோகிராம் முழுவதையும் முகாமில் நிவாரணக் கூப்பன் வரிசையில் நின்றபடி கொப்பியில் எழுதினாள். பிழைகளைத் தலைக்குள்ளேயே ஓடவிட்டுப் பிடித்தாள். ஞாயிறுகளில் வகுப்பு முடிந்து மிஞ்சும் பத்து நிமிடங்களில் தட்டித் தட்டி ஏற்றியதில் ஒன்பது மாதம் போனது. விடை சரியென்றால் ஒரு மீன் திரையின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நீந்தும். முதல் நாள் அதைப் பார்த்த முகாம் பிள்ளை ஸ்ரெல்லா கைதட்டி, "ரீச்சர், உது சூடை!" என்று கத்தினாள். இரண்டு வருடமாய்க் கடலைக் காணாத பிள்ளை, மீனின் பெயரை மறக்கவில்லை.

வாசிகசாலையில் மொத்தம் நாலு பிளொப்பி. கொம்பியூட்டரை ஓட்ட இரண்டு, மகாதேவிக்கு ஒன்று, செல்வரட்ணத்துக்கு ஒன்று. வேறு வாங்கக் கடையும் இல்லை, வருவதற்குப் பாதையும் இல்லை. ஒருநாள் செல்வரட்ணம், "உம்மடை மீனை எனக்கும் ஒருக்காப் பதிஞ்சு தாருமன், படிக்கிறதுக்கு" என்று கேட்டான். அவளே பதிந்து கொடுத்தாள்.

அப்போதுதான் நவராத்திரி வந்தது. கிளாலிக் கடலேரியை வள்ளத்தில் கடந்து கொழும்புக்குப் போகும் ஒருவர் விஜயதசமிக்கு மறுநாள் புறப்படுவதாகவும், பிளொப்பியை அவர் கையில் கொடுக்கலாம் என்றும் ஏற்பாடு. அருளம்பலம் மகாதேவியைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, உம்மடை பிளொப்பியைக் கொண்டாரும். சரஸ்வதிக்கு முன்னாலை வைச்செடுத்து அனுப்புவம். நல்ல காரியம்."

"ஐயா, அதிலை கை படக்கூடாது. உறையோடை வைச்சால் போதும்."

"கலைமகளின்ரை சாமான், கலைமகள் பாத்துக்கொள்ளுவா."

வைத்தார்கள். கொம்பியூட்டருக்கு மாலை, கீபோர்டில் பூ, மேலே விபூதி. முகாம் ஆட்கள் கதவடியில் நின்றார்கள். உள்ளே வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை, இடத்தை அவர்களே அறிந்திருந்தார்கள். அங்கிருந்துதான் மகாதேவி பார்த்தாள். அருளம்பலத்தின் மனைவி பராசக்தி சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொரு புத்தகமாய்ப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். பிளொப்பியிடம் வந்ததும் நின்றார். உறை அழுக்காய் இருந்தது. அதைக் கழற்றி ஒரு பக்கம் வைத்தார். கறுப்புச் சதுரத்தில், பொட்டு வைப்பதற்கென்றே விட்டதுபோல நீள்வட்டமாய் ஒரு திறப்பு. உள்ளேயிருக்கும் தட்டு அதில்தான் வெளியே தெரியும். விரல்கூடப் படக்கூடாத இடம் அதுதான். பராசக்தி மோதிர விரலால் நிறையச் சந்தனம் எடுத்து அதில் அழுத்தி வைத்தார், நடுவில் குங்குமமும்.

"ஐயோ அம்மா, வேண்டாம்" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். பாட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். பூசை நடுவே, கதவடியில் நிற்கும் ஒரு முகாம் பெட்டை, சாமி சாமானுக்குச் சந்தனம் வைக்காதே என்று கத்துவதா? அவளுக்கு வாய் வரவில்லை. பிறகு எத்தனையோ நாள் தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். அந்தத் திட்டில் நியாயமும் இருந்தது.

பூசைக்கு வைத்ததைக் கும்பம் எடுக்கும்வரை தொடக்கூடாது. சந்தனம் இரண்டு நாள் அங்கேயே இருந்து காய்ந்தது. விஜயதசமியன்று ஏடு தொடக்கிய பிறகு ஜெனரேற்றரை இழுத்து, துடைத்த பிளொப்பியைப் போட்டார்கள். பெட்டி இரண்டு தரம் கரகரத்தது. படிக்க முடியாது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியது. மூன்றாம் தரமும் அதே வரி.

"மண்ணெண்ணெயைக் கரியாக்காதையும்" என்றார் அருளம்பலம்.

கொப்பியில் எல்லாம் இருந்தது. திரும்பத் தட்டி ஏற்ற ஆறு மணித்தியாலம் வேண்டும். அதற்கு ஆறு போத்தல். போகிற ஆள் விடிந்தால் புறப்பட்டுவிடுவார். அப்போதுதான் செல்வரட்ணம் தலையைச் சொறிந்தபடி, "என்ரை வீட்டிலை ஒண்டு கிடக்கு. பூசைக்குக் கொண்டுவர மறந்துபோனன்" என்றான். அந்த மறதியை அவள் கடவுள் தந்த வரமென்று எண்ணினாள். கண்ணீர் வழிய அவனைக் கும்பிட்டாள்.

"அப்ப செல்வரட்ணத்தின்ரை பிளொப்பி போகட்டும். உம்மடை பேரை நான் கடிதத்திலை எழுதிவிடுறன்" என்றார் அருளம்பலம். மறுநாள் கேட்டபோது, "ஓம் ஓம், எல்லாம் எழுதியாச்சு" என்றார். ஓவசியர் எழுதியதைத் தொண்டர் வாங்கிப் படித்துப் பார்ப்பதா என்று எண்ணி அவள் கடிதத்தைக் கேட்கவில்லை.

முகாமில் மூன்று மாதம் அவள் கால் நிலத்தில் படவில்லை. கொழும்புக்குப் போக இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும், அதற்குப் பிணை நிற்க ஆள் வேண்டும். முத்துக்குமாரு மானிப்பாயில் தெரிந்த ஒருவரின் வாசலில் நாலு நாள் நின்று அவரைச் சம்மதிக்க வைத்தார். தாய் சிவக்கொழுந்து தன்னுடைய ஒரே நல்ல சீலையை மகளுக்கென்று மடித்து வைத்தாள். "நீ வெளிக்கிட்டால் தம்பியும் ஒருநாள் வெளிக்கிடுவான்" என்றாள்.

தைப்பொங்கலுக்குப் பிறகு பதில் வந்தது. இடம் செல்வரட்ணத்துக்கு.

மகாதேவி நேரே அருளம்பலத்திடம் போனாள். அவர் முகம் சுளிக்கவில்லை. அவருக்கு அதில் வெட்கப்பட ஒன்றும் தெரியவில்லை.

"பிள்ளை, யோசிச்சுப் பாரும். பெட்டைப் பிள்ளை, கிளாலி கடந்து கொழும்பிலை தனிய எங்கை நிப்பீர்? விலாசமும் முகாம் விலாசம். பாசுக்கு உமக்கு ஆர் பிணை நிக்கிறது? இடம் வீணாய்ப் போகக்கூடாதெண்டுதான் அவன்ரை பேரைப் போட்டனான்."

"அப்பா பிணைக்கு ஆள் பிடிச்சு வைச்சிருக்கிறார், ஐயா. என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே."

"அடுத்தமுறை பாப்பம். பிளொப்பியும் அவன்ரைதானே."

பிளொப்பி அவனுடையதுதான். அதில் அவரோடு வாதாட முடியாது. செல்வரட்ணம் புறப்படும் முன் முகாம் வாசலுக்கு வந்து, "மாமாதான் அப்பிடிச் செய்துபோட்டார், எனக்குத் தெரியாது" என்றான். தெரிந்தபிறகு வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், அதைச் சொல்லவில்லை. அவள் "சந்தோசமாய்ப் போட்டு வாங்கோ அண்ணை" என்றாள்.

வகுப்பை அவள் விடவில்லை. கோபத்தில் விடுவதற்கு அது அவளுடையது மட்டும் இல்லை. முகாம் பிள்ளைகள் பதின்மூன்று பேர் அவளோடுதான் நடந்து வந்து போனார்கள். அவள் இல்லாவிட்டால் அவர்களை அந்தப் படலைக்குள் கூப்பிட ஒருவரும் இல்லை. செல்வரட்ணத்தின் பிளொப்பியை அனுப்பும் முன், கொம்பியூட்டரை ஓட்டும் பிளொப்பியொன்றில் பதிந்து வைத்த பிரதியைக்கொண்டு ஞாயிறுதோறும் மீனை நீந்தவிட்டாள்.

பங்குனியில் ஒரு ஞாயிறு, வகுப்பு முடிகிற நேரம் அருளம்பலம் ஒரு கடிதத்தோடு வந்தார். கொழும்பிலிருந்து செல்வரட்ணம் எழுதியது. வாசித்துக் காட்டினார். மீன் எப்படி நீந்துகிறது, தமிழ் எழுத்து எப்படித் திரையில் வருகிறது என்று வகுப்புக்கு முன்னால் விளங்கப்படுத்தச் சொல்கிறார்களாம். இரண்டு தரம் சுகமில்லை என்று சொல்லித் தப்பிவிட்டானாம். மூன்றாம் தரமும் சொல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். மகாதேவியின் கொப்பியை உடனே வாங்கி அனுப்பவேண்டுமாம்; ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் விளக்கம் எழுதித் தந்தால் இன்னும் நல்லதாம்.

"நாளைக்கு ஒரு ஆள் போகுது. கொப்பியைத் தாரும் பிள்ளை."

கொப்பி அவளுடைய பையில்தான் இருந்தது. அவள் பையைத் திறக்கவில்லை.

"எனக்கு உது விளங்காது ஐயா. செய்த ஆளைத்தான் கேக்கவேணும்."

"என்ன கதை கதைக்கிறீர்? நீர்தானே செய்தது!"

"லண்டனுக்கு எழுதின கடிதத்திலை ஆர் செய்ததெண்டு போட்டனீங்கள்?"

அருளம்பலம் கடிதத்தை மடித்தார். தன் முற்றத்தில் வைத்து ஒருவர் தன்னை அளப்பது அவருக்குப் புதிது. கழுத்து நரம்பு புடைத்தது.

"ஊரின்ரை மானம் போகப்போகுது, உமக்கு எடுப்பும் திமிரும். சரி. இனி நீரும் வரத் தேவையில்லை, உம்மடை பிள்ளையளும் வரத் தேவையில்லை. மண்ணெண்ணெய் எங்கடை."

"ஓம் ஐயா" என்றாள்.

ஜெனரேற்றரில் இன்னும் சொட்டு எண்ணெய் இருந்தது. அவர் குனிந்து அதை நிறுத்தினார். திரையில் பாதி தூரம் நீந்திய மீன் அந்த இடத்திலேயே காணாமல் போனது. பிள்ளைகள் ஒன்றும் விளங்காமல் செருப்புகளைத் தேடினார்கள்.

படலையைத் தாண்டும்வரை மகாதேவிக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. மூன்று வருடத்தில் முதல் தரமாக வாய் திறந்து கேட்டுவிட்டாள். செல்வரட்ணம் வகுப்புக்கு முன்னால் முழிப்பதை நினைத்தால் இனித்தது. ரோட்டில் பத்தடி நடந்ததும் அந்த இனிப்புப் போய்விட்டது. அவன் திரும்பி வந்தாலும் அவனுக்கு வீடு இருக்கிறது, தோட்டம் இருக்கிறது, மாமா இருக்கிறார். தன் பின்னால் வருகிறவர்களுக்கு என்ன இருக்கிறது என்று அவள் திரும்பிப் பார்த்தாள். பதின்மூன்று பேரும் வெயிலில் வரிசையாய் வந்துகொண்டிருந்தார்கள்.

ஸ்ரெல்லா ஓடி வந்து அவளுடைய கையைப் பிடித்தாள்.

"ரீச்சர், இனி எங்களை வரவேண்டாமாமோ?"

"ஓம்."

"நாங்கள் என்ன பிழை விட்டனாங்கள்?"

மகாதேவி பையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். முகாம்வரைக்கும் ஒன்றேகால் மைல். அந்தப் பிள்ளை அதே கேள்வியை இன்னும் இரண்டு தரம் கேட்டாள்.