மதிலோரத்து நந்தியாவட்டை

நிழல்கள் யாவும் ஒரே தன்மையன அல்ல. வேம்பின் நிழலில் துளசி பிழைக்கும். புளிய மரத்தின் நிழலிலோ புல்லும் முளைக்கத் தயங்கும். காஞ்சிபுரத்தில் ஒரு கோயில் நந்தவனத்தை இருபத்திரண்டு ஆண்டுகள் பேணிய நான் இதனை நன்கு அறிந்திருந்தேன். அறிந்திருந்தும், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டாம் ஆண்டு தை மாதத்தில், ஒரு புளியந்தோப்பின் ஓரமாகப் பாத்தி கட்டிப் பூச்செடி வளர்த்துத் தருவதாகச் சரிகை வியாபாரி ஹனீஃபாவுக்கு வாக்களித்தேன்.

அத்தோப்பு இசுலாமியப் பெருமக்களின் அடக்கத்தலம் ஆகும். ஹனீஃபாவின் மனைவி மெஹதாப் முந்தைய கார்த்திகையில் காலமாகி, தெருப்பக்கத்து மதிலிலிருந்து பத்தடி உள்ளே அடக்கம் செய்யப்பட்டிருந்தார். அவர்கள் வழக்கப்படி பெண்கள் அதனுள் செல்வதில்லை. ஆகையால் ஒரே மகளாகிய ஜஹனாரா, வெள்ளிக்கிழமைதோறும் விடியற்காலையில் தந்தையுடன் வந்து, இடுப்பளவே உயரமுள்ள அம்மதிலுக்கு வெளியே தெருவில் நின்று, ஓதிவிட்டுத் திரும்புவாள். மதிலுக்கு அப்பால் அவள் கண்ணுக்குப் புலப்பட்டவை சருகும் மண்ணுமே. வரும் ஆவணியில் அவளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. அதன்பின் ஆற்காட்டுப் பக்கம் சென்றுவிடுவாள்.

“அதுக்குள்ள அம்மா இருக்கிற எடத்துல பூ பூத்து ஒரே ஒரு தடவை நான் பாக்கணும் அண்ணே,” என்றாள். “ரோஜாதான் வேணும், மல்லிதான் வேணும்னு கேக்கல. எது பூக்குதோ அது.”

“முடியாதுன்னா இப்பவே சொல்லிடு அர்ஜுனா,” என்றார் ஹனீஃபா. “பொண்ணுக்கு ஆசை காட்டிட்டு அப்புறம் கைய விரிக்காதே.”

“நான் வெச்சா பூக்கும் பாய். பூக்கலைன்னா நான் இன்னா தோட்டக்காரன்?”

இவ்வாறு கூறியபின் நான்கு நாட்கள் அத்தெருவிலேயே அமர்ந்து, வெயில் விழும் இடங்களிலெல்லாம் குச்சி நட்டு அடையாளம் செய்தேன். கீழ்த்திசையில் தெரு திறந்திருந்தமையால், மதிலை ஒட்டிய மூன்றடி அகலத்துக்கு மட்டும் காலையில் ஏறக்குறைய இரண்டு நாழிகை வெயில் கிடைத்தது. மற்ற நேரமெல்லாம் நிழலே. ரோஜாவும் சாமந்தியும் இவ்வெயிலுக்கு இலைகூட விடா. ஹனீஃபா தம் வழக்கப்படி மனைவியை அடக்கிய கபுறின்மேல் விதைத்திருந்த திருநீற்றுப்பச்சிலை, வெளிச்சத்தைத் தேடி நூல் போல் நீண்டு சாய்ந்து மடிந்திருந்தது. அதனைக் காட்டி, “இது எங்க வூட்டு முத்தத்துல காடா வளருதுப்பா,” என்று அவர் சொன்னார். குரோட்டன்ஸ் வைக்கலாமா என வினவினேன். ஆஸ்பத்திரி வாசல் போல் இருக்குமென அவர் மறுத்தார். கனகாம்பரம் நிழலைப் பொறுக்கும். ஆயினும் தெருவோரத்தில் கனகாம்பரம் வைத்தால் அது பெண்களின் கூந்தலுக்கே போய்ச் சேரும் என்று நானே விலக்கினேன். அவ்வளவு தூரம் சிந்தித்தவன் அதற்கு மேலும் ஓரடி சிந்தித்திருக்கலாம்.

இறுதியில் ஓரடுக்கு இதழுள்ள ஒற்றை நந்தியாவட்டையைத் தேர்ந்தேன். அது அரை நிழலில் பூப்பது, ஆடு மேயாதது, இருள் பிரியும் வேளையிலும் தொலைவிலிருந்து தெரியும் வெண்மை உடையது. அடக்கம் செய்த நிலத்தை ஆழத் தோண்டலாகாது. ஆதலால் ஏரி வண்டலும் மக்கிய எருவும் கொணர்ந்து, நிலமட்டத்துக்கு மேலேயே பாத்தியை உயர்த்தினேன். நாற்பதடி நீளத்துக்கு, வளர்ந்த செடிகளாகவே நட்டேன். சித்திரை வெயிலில் நாள்தோறும் எட்டுக் குடம் நீர் சுமந்தேன்.

ஆடி பிறந்தபோது கிளைதோறும் மொட்டுகள் நிறைந்தன. ஆனால் முதல் வெள்ளியன்று ஜஹனாரா வந்தபோது ஒரு பூவும் இல்லை. இரண்டாம் வெள்ளியும் அவ்வாறே கழிந்தது.

“போன வாரம் மொட்டு இருந்துச்சே அண்ணே?” என்றாள்.

“இன்னும் வெடிக்கலம்மா. அடுத்த வாரம் பாரு.”

மூன்றாம் வெள்ளியும் அவள் வெறுங்கிளையைப் பார்த்துத் திரும்பினாள். அவள் சென்றபின் ஒரு கிளையை வளைத்துப் பார்த்தேன். காம்பின் நுனியில் பால் கசிந்து, இன்னும் உலராமல் இருந்தது. செடி பூத்திருக்கிறது, எவரோ சற்றுமுன்தான் பறித்திருக்கிறார்கள்.

மறுநாள் விடியுமுன் சென்று மறைந்து நின்றேன். எதிரிலுள்ள நெசவுத் தெருவிலிருந்து செல்லியம்மாள் என்னும் நெசவாளர் வீட்டு அம்மையார் சொம்புடன் வந்து, மதிலின்மேல் சாய்ந்து பறிக்கத் தொடங்கினார்.

“இன்னாக்கா இது?” என்றேன்.

“பூ பறிக்கிறேன். கண்ணு தெரியலியாபா உனக்கு?”

“யார் செடின்னு தெரியுமா?”

“செடி யாருதோ. மதிலு தாண்டி நீட்டிக்கினு இருக்கிற கிளை தெருவுது. எங்க வூட்டுக்காரரு கண்ணை வந்து பாரு, கோவைப்பழமாட்டம் இருக்குது. பொழுதுக்கும் ஜரிகை இழையையே பாத்துக்கினு இருந்தா கண்ணு இன்னாத்துக்கு ஆவும்? இந்தப் பூவ வெச்சுக் கட்டினாதான் தறியில குந்த முடியுது. நான் மட்டுமா? தெருவே பறிக்குது. நெசவுத் தெருவுக்கு எதிர்ல நந்தியாவட்டை வெச்சுட்டு பூ நிக்கலைன்னு கேக்க வந்துட்டான், இவன் ஒரு தோட்டக்காரன்!”

வெயிலை அளந்தேன், வேரை எண்ணினேன், ஆட்டையும் கருதினேன். எதிர்த் தெருவில் வாழ்வோர் யாவர் என்பதை நான் கருதவில்லை. நந்தவனத்தில் பூ என்பது பறிப்பதற்கே உரியது. செடியிலேயே இருந்தாக வேண்டிய பூவை நான் அதுவரை வளர்த்ததே இல்லை.

நடந்தவற்றைக் கூறினேன். அவர் கை நின்றது.

“வெள்ளிக்கிழமை வந்து சும்மா நின்னுக்கினு இருக்குமே, பர்தா போட்டுக்கினு, அந்தப் பொண்ணா? ஏதோ மனசு சரியில்லாத பொண்ணுன்னு நெனச்சுட்டேன்பா. கல்யாணம் எப்போ?”

“ஆவணி பத்து. நடுவுல வர்ற வெள்ளிக்கிழமையெல்லாம் மாப்பிள்ளை வூட்டுக்காரங்க வந்து போவாங்களாம். கடைசி வெள்ளிதான் வர முடியுமாம்.”

“தெருவுல அம்பது வூடு இருக்குது. எல்லார் வாயையும் அடக்கிடலாம், கண்ணை அடக்க முடியாது,” என்று கூறிச் சொம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் சென்றுவிட்டார். உறுதி எதுவும் தரவில்லை.

அக்கடைசி வெள்ளியன்று நான் சென்றேன். நாற்பதடி மதிலும் வெண்மையாக இருந்தது. ஒரு காம்பும் ஒடிபடவில்லை. நெசவுத் தெருவின் வாயில்களில் ஆடவர் சிலர் நனைத்த துணியைக் கண்களில் ஒற்றிக்கொண்டு அமர்ந்திருந்தனர்.

ஜட்கா வண்டியிலிருந்து இறங்கிய ஜஹனாரா மதிலருகே வந்து நின்றாள். ஹனீஃபா புளிய மரத்தை நோக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இத்தினி நாளா ஏன் பூக்கல அண்ணே?” என்று அவள் கேட்டாள்.

இன்றுதான் பூத்தது என்று சொல்லியிருந்தால் என் பெயர் நிலைத்திருக்கும். நான் உண்மையைச் சொன்னேன். அவள் திரும்பி, வாயில்களில் இருந்தவர்களைப் பார்த்தாள்.

“அப்போ இன்னிக்கு அவங்க கண்ணு?”

செல்லியம்மாள் தம் வாயிலில் இருந்தபடியே, “ஒரு நாளு எரிஞ்சா குருடாவா பூடுவாங்க? நீ நின்னு பாரும்மா,” என்றார்.

அவள் நின்று பார்த்தாள். பின்பு கைகளை ஏந்தி ஓதினாள். வெயில் மதிலின்மேல் ஏறும் வரை இருந்து, வண்டியில் ஏறினாள்.

வண்டி தெருமுனையில் திரும்பும் வரை ஒருவரும் அசையவில்லை. அதன் பின்னரே சொம்புகள் வந்தன. பெண்கள் விரைந்து பறித்தனர், வேலைக்கு நேரமாகியிருந்தது. ஜஹனாரா நின்ற இடத்துக்கு நேரே இருந்த கிளையை ஒருத்தி வளைத்தபோது, “அத்த உடுடி,” என்றார் செல்லியம்மாள்.

அவள் விட்டுவிட்டு அடுத்த கிளைக்குப் போனாள்.