முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு

தெருவே 'மீட்டர்' என்று கூப்பிடும் மனிதர் இடது கையைக் குளியலறைக் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு, வலது கையால் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மனைவியைப் புதைத்துவிட்டு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

"மாமா, கையில அடிகிடி பட்டுச்சா?" கொழுந்தியாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டாள்.

"இல்ல."

முப்பது வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவர். ஊர் வாயெல்லாம் கேட்டுக் கேட்டுத் தன் வாயைத் தொலைத்துவிட்டார் என்பது தெருவின் கணிப்பு. பெண்டாட்டி பின்னறையில் மரத்தூள் பைகளில் ரெய்ஷி என்ற மருந்துக் காளான் வளர்க்கத் தொடங்கியபோது மட்டும் வாயைத் திறந்தார்.

"வீட்டுக்குள்ள பூஞ்சை வளர்க்கிற ஒரே பொம்பளை நீதான்."

"அதாச்சும் வளருதே!"

பிள்ளையில்லாத வீட்டில் அந்தச் சொல் போதாதா? யார் முதலில் பேசுவது என்ற வீம்பிலேயே ஆறு வருஷம் ஓடியது.

ஆனால் காளானைக் காயவைத்து, கொதிக்கவைத்து வடித்த சாற்றை அவள் செய்து விற்கும் முகக் க்ரீமில் சேர்க்குமுன் தோலில் தடவி ஒரு நாள் பார்க்க வேண்டுமே! அவள் தோல் தாரையும் தாங்கும். சோப்பு மாறினாலே தடிக்கும் தோல் அவருக்கு. மாதமொரு முறை அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு வைத்து விரல் நுனியால் தேய்ப்பாள். மறுநாள் அதே நேரம் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பி, "அரிக்குதா?" என்பாள். அதுவரை தண்ணீர் படக்கூடாது. ஆறு வருஷக் குடித்தனமும் அவ்வளவுதான்.

இன்று பத்து மணிக்குச் சொட்டு வைத்தாள். பதினொன்றுக்குப் பின்னறையில் சரிந்தாள். இருட்டுமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாள் துக்கம் விசாரிக்க வந்த தையல்காரம்மா, விசாரித்து முடித்த கையோடு ஆரம்பித்தாள்: "அக்கா முகம் கடைசிவரைக்கும் என்னமா மின்னுச்சு! அந்த க்ரீம் ஒரு டப்பா கிடைக்குமாண்ணே?"

மீட்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து. மடிப்பைப் பார்த்தார். தடிப்பில்லை, சிவப்பில்லை.

"அரிக்குதும்மா. தர முடியாது."

அவள் போனதும் கொழுந்தியாள் பக்கத்தில் வந்தாள்.

"அக்கா சொல்லிச் சிரிப்பா மாமா. தோல்ல ஒண்ணுமே இருக்காதாம், நீங்க அரிக்குதும்பீங்களாம். அப்படிச் சொன்னா மூணு நாள் வந்து பார்க்கணுமாமே."

மீட்டருக்குக் காது சூடானது. "தெரியுமா அவளுக்கு?"

"தெரியாமயா? 'பாவம், மனுசன் கையை நீட்டிட்டு உட்கார்ந்திருக்காரு'ன்னு மூணு நாளும் வருவாளாம்."

"அந்தச் சாறெல்லாம்?"

"அதையா கொட்டுவா? க்ரீம்ல கலந்து வித்துட்டா."

கொழுந்தியாள் பையை எடுத்துக்கொண்டு பேருந்துக்குக் கிளம்பினாள்.

மூன்றாம் நாளும் சரியாகப் பத்து மணிக்கு, அந்த வீட்டுச் சன்னலோர வெளிச்சத்தில் ஒரு கை நீண்டிருந்ததைத் தெருவில் போனவர்கள் பார்த்தார்கள்.