எல்லைக்கு அங்கிட்டு விழும் கல்

மாலைக்குள் பாக் நீரிணையில் விண்கல் விழும் என்று அறிவித்ததும் கோட்டைப்பட்டினம் போட்டுகள் கரை திரும்பின. காதர் மைதீனின் போட்டு மட்டும் வரவில்லை. வயர்லெஸ்ஸில் கூப்பிட்டாலும் பதில் இல்லை. அவர் மனைவி சபுரா மீன்துறை அதிகாரியிடம் ஓடினாள்.

“பயப்படாதீங்கம்மா. கல்லு எல்லைக்கு அங்கிட்டுத்தான் விழும். அங்கன உள்ள போட்டுகள இலங்கை நேவி பாத்துக்கும்.”

“அவங்க கப்பலக் கண்டாலே வயர்லெஸ்ஸ அமத்திட்டு ஒளியிற ஆளு சார் அவரு.”

அதிகாரி நிமிர்ந்தார். “அப்ப போட்டு அங்கிட்டா நிக்குது?”

யார் கேட்டாலும் இல்லையென்றே சொல்லிப் பழகியவள் சபுரா.

“ஆமா சார். தாண்டித்தான் நிக்குது.”

“இலங்கை நேவிக்குச் சொன்னா போட்டு போயிரும். அவருக்கு ஜெயிலு.”

“போகட்டும். புடிக்கச் சொல்லுங்க சார். கல்லு விழுறதுக்குள்ள புடிக்கச் சொல்லுங்க.”