வெறுங்கேனின் வரைபடம்

பேராசிரியர் சுந்தரராஜுலு சன்னலோர மேசையில் இருந்தார். எதிரே முக்காலியில் அவருடைய ஆய்வு மாணவி நாச்சியம்மாள். கதவருகே, நாற்காலியின் விளிம்பில், அவள் அப்பா நஞ்சுண்டன். காலிக் கேனை எடுத்துப்போகப் பல்லடத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர். பச்சை பிளாஸ்டிக் கேன் அவர் மடியில் இருந்தது.

மேசைமேல் இரண்டு என்.எம்.ஆர். வரைபடங்கள். கோயமுத்தூரில் அந்தக் கருவி இல்லாததால் பெங்களூருக்கு அனுப்பித் தபாலில் வாங்கியவை. மூலக்கூறில் ஹைட்ரஜன்கள் எங்கெங்கே நிற்கின்றன என்பதை அந்தக் கோடுகளில் படிக்கலாம். ஒன்று, எருக்கிலையிலிருந்து அவள் பிரித்தெடுத்த பொருளுடையது. அதை நம்பித்தான் ஐந்து வருட ஆய்வேடு. கட்டுரை அடுத்த மாதம் அச்சாகிறது. மற்றது, சந்தேகம் வந்து அனுப்பியது. இலையே போடாமல் வெறும் ஆல்கஹாலை இந்தக் கேனில் வைத்திருந்து, வற்றவைத்தபோது மிஞ்சிய பிசுக்கு.

ஒன்றன்மேல் ஒன்றாக வெளிச்சத்தில் பிடித்தாள். கோட்டுக்குக் கோடு பொருந்தியது. இரண்டும் ஒன்றே: பிளாஸ்டிக் வளைவதற்காகச் சேர்க்கிற எண்ணெய், கேனிலிருந்து கரைந்து வந்தது. இலையில் அது இருந்ததே இல்லை.

அவள் அப்பாவுக்குப் புரியாதிருக்கப் பேராசிரியர் ஆங்கிலத்துக்கு மாறினார். வைவா, அந்த வாய்மொழித் தேர்வு, முடியும்வரை வாய் திறக்காதே, யார் திரும்பச் செய்து பார்க்கப்போகிறார்கள் என்றார். செய்து பார்ப்பவருக்குக் கிடைக்காதே என்றாள். அப்புறம் உனக்கு என்ன மிஞ்சும் என்று கேட்டார். அவள் ஒரு வெள்ளைத்தாளை இழுத்து வைத்துக்கொண்டாள்.

"ஏனுங் சார், இலை பத்துலீங்களா?" என்றார் நஞ்சுண்டன். "அம்மணி சொன்னாப்பல பறிச்ச ஒடனே அது குடுத்த ஆல்கஹால்ல ஊறப்போட்டனுங்க. பாட்டல்ல கொண்டாந்தா பஸ்ஸு தூக்கிப்போடறதுல ஒடஞ்சு போயிருமுங்க. அதான் நானே கேன்ல ஊத்திப்போட்டேன். கண்டக்டரு மோந்து பாத்துப்போட்டு, 'கவுண்டரே, எனக்கொரு டம்ளர் ஊத்துங்க'ங்கறான்!"

அவர் மட்டும் சிரித்தார்.

நாச்சியம்மாள் பத்திரிகை ஆசிரியருக்கு எழுதத் தொடங்கினாள். தேதி, முகவரி, பொருள்: கட்டுரையைத் திரும்பப் பெறுதல். எப்படிக் கலந்தது என்ற இடத்தில் பேனா நின்றது. 'கொண்டுவந்த பாத்திரத்திலிருந்து' என்று எழுதினாள். கொண்டுவந்தவரைப் பற்றி எழுதவில்லை.

பேராசிரியர் படித்தார். கடிதத்தை மடித்து உறையில் இட்டு, பசைக்குப்பியோடு அவள் பக்கம் நகர்த்தினார்.

"குடு கண்ணு, நா ஒட்டித்தாரேன். முக்கியமான காயிதமா?"

"ஆமாங்ப்பா."

கட்டைவிரலால் ஓரம் முழுக்க அழுத்தித் தேய்த்தார். "போறப்ப பொட்டில போட்டுப்போட்டுப் போறேன். அடுத்த வாரம் ரொப்பிக் கொண்டாரட்டுமா?"

"சொல்லியனுப்பறனுங்ப்பா."

சன்னல் வழியே பார்த்தாள். வாசலுக்கு வெளியே தபால்பெட்டி அருகில் அவர் கேனைத் தரையில் வைத்தார். கடிதத்தைப் போட்டார். விழுந்துவிட்டதா என்று பெட்டியை இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு, கேனின் அடியில் ஒட்டிய மண்ணை வேட்டி நுனியால் துடைத்தார்.