முன்மண்டைத் தியாகம்

ஒரு தேசம் நோயை வென்று நிமிரும் நாளில் காலமே ஒரு கணம் நின்று தலைவணங்கும் என்று துணை ஆணையர் தொலைக்காட்சியில் சொன்னார். காலம் தலைவணங்க அவர் தேர்ந்தெடுத்த இடம், பேருந்து நிலையத்துக்குப் பின்னால், பழைய டயர் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், இரண்டே நாற்காலி போட்ட ஒரு சலூன்.

இயல்பு வாழ்க்கை தவணை முறையில் திரும்பிக்கொண்டிருந்தது. முதல் கட்டத்தில் பூங்காவில் நடக்கலாம், உட்காரக் கூடாது. இரண்டாம் கட்டத்தில் உட்காரலாம், சாயக் கூடாது. ஆட்கள் வந்து பெஞ்சுகளின் முதுகைக் கழற்றிக்கொண்டு போனார்கள். மூன்றாம் கட்டத்தில் முடி வெட்டிக்கொள்ளலாம், ஆனால் பேசக் கூடாது. இதை எழுதிய மகானுபாவர் வாழ்நாளில் சலூன் வாசலை மிதித்திருக்க மாட்டார் என்று நினைத்தார் சலூன்காரர். எழுதியவர் துணை ஆணையர் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. அவருக்கு மிதிக்க வேண்டிய தேவையே இல்லை. சலூன்தான் அவர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஏழு மாதமாகக் கடை பூட்டிக் கிடந்தது. பூட்டிய காலத்தில் யார் தலையிலாவது கத்திரி பட்டதாகத் தெரிந்தால் சலூன்காரரின் உரிமம் ஆயுசுக்கும் ரத்து. அந்த உத்தரவில் கையெழுத்துப் போட்டவர் துணை ஆணையர். போட்டு மூன்றாம் வாரமே, உதவியாளரை அனுப்பிக் கொல்லைப்புற வழியாகச் சலூன்காரரை வரவழைத்தவரும் அவரே. நாளைக்குக் கடை திறக்க அனுமதி கொடுக்கப் போகிறவர் கூப்பிட்டால் எப்படி மாட்டேன் என்பது? கத்திரியைக் காய்கறிப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார்.

“யோவ், முன்னாடி மட்டும் கை வெச்சிடாதே. கேமரா முன்னாடிதான் இருக்கும். பின்னாடி நல்லா ஒட்ட எடுத்துவிடு, கழுத்தெல்லாம் அரிக்குது.”

ஏழு மாதமும் நாடு முன்பக்கத்தை மட்டும் பார்த்தது. நெற்றியில் விழுந்த கற்றையைப் புறங்கையால் ஒதுக்கிவிட்டு, “வெட்டாத ஒவ்வொரு முடியும் ஒரு உயிரைக் காக்கிறது” என்று அவர் சொன்னபோது ஜனங்கள் கண்கலங்கினார்கள். பின்மண்டையோ, பள்ளிக்கூடத்தின் முதல் நாள் பிள்ளைத் தலை மாதிரி பளிச்சென்று இருந்தது. இப்படி ஒரு யோசனை ஊரிலேயே தனக்கு மட்டும்தான் உதித்தது என்பதில் அவருக்கு உள்ளூரப் பெருமை.

திறப்பு விழா அன்று சலூன்காரரின் மனைவி நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “ஏங்க, அந்த ஆள் கையெழுத்துப் போடுற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க. இந்தக் கடைய விட்டா நமக்கு வேற போக்கிடம் இல்ல.”

“பேசக் கூடாதுன்னு சட்டமே இருக்கே.”

“சட்டத்துக்கெல்லாம் நீங்க என்னைக்கு அடங்குனீங்க?”

உதவியாளர் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்தார். கக்கத்தில் கோப்பு. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவர் சடாரென்று எழுந்துவிட்டார்.

“என்னண்ணே இது, பின்னாடியும் கண்ணாடி?”

“சலூன்னா இருக்கும் தம்பி. வெட்டுனதக் காட்டணுமில்ல?”

“ஐயோ, காட்டவே கூடாதுண்ணே!”

கிருமிநாசினியை எந்தக் கையால் தெளிப்பது என்பது வரைக்கும் அறுபத்து நான்கு பக்கத்துக்குத் திட்டம் போட்ட அலுவலகம் அது. ஊரில் மனிதனின் பின்மண்டைக்கு மரியாதை உள்ள ஒரே கடை சலூன்தான் என்பது மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. உதவியாளர் ஓடிப்போய், ‘இயல்பை நோக்கி வீரநடை’ என்ற பேனரைக் கொண்டுவந்து பின்கண்ணாடியை மறைத்து ஒட்டினார். அதற்கு முன்பே விதிமுறைப்படி அந்தக் கண்ணாடி முழுக்கக் கிருமிநாசினி அடித்தாகிவிட்டது. ஈரத்தில் டேப் எவ்வளவு நேரம் நிற்கும் என்பது அறுபத்து நான்கு பக்கத்தில் இல்லை.

பெரிய மனிதர்கள் வந்தார்கள்: வணிகர் சங்கத் தலைவர், பள்ளி முதல்வர், மருத்துவர் சங்கத் தலைவர், கழுத்தில் கேமராவோடு ஒரு நிருபர். எல்லாரும் காதை மூடிய முடியோடு, தவம் முடித்து மலையிறங்கி வந்தவர்கள் போல இருந்தார்கள். இடைவெளி விட வேண்டும் என்று சொல்லிக்கொண்டு, கண்ணாடி இல்லாத சுவரோரமாக முதுகை ஒட்டி வரிசையாக நின்றார்கள். சலூன்காரருக்கு அவர்களின் முகங்கள் அவ்வளவு பழக்கமில்லை. ஆனாலும் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டுத் தனக்குள் சிரித்துக்கொண்டார்.

துணை ஆணையர் அரியணை ஏறுவதுபோல நாற்காலியில் ஏறினார். துணி போர்த்தியாயிற்று. நெற்றிக் கற்றையில் கத்திரி பட்டது. கைதட்டல். அந்தக் கைதட்டலுக்குத்தானோ என்னவோ, வீரநடை மொத்தமாகக் கழன்று தரையில் விழுந்தது.

எதிரும் புதிருமாக இரண்டு கண்ணாடி. ஒன்றுக்குள் ஒன்றாக நாற்பது பின்மண்டை, நாற்பதும் பளபளவென்று.

“சார்,” என்றார் நிருபர், “பின்னாடி இது யார் வெட்டுனது?”

“அங்க எனக்கு வளராது. பரம்பரை.”

“ஓரம் கத்தி வெச்சு எடுத்திருக்கே சார்?”

துணை ஆணையரின் விரல் துணிக்குள்ளிருந்து வெளியே வந்து சலூன்காரரைக் காட்டியது. “இந்த ஆள்தான்! நான் அசந்து தூங்கறப்ப வீட்டுக்குள்ள பூந்து வெட்டிட்டுப் போயிருக்கான். உரிமம் ரத்து. எடுய்யா அந்தக் கடுதாசிய.”

எதற்கும் இருக்கட்டும் என்று உதவியாளரின் கோப்பில் அனுமதிக்கு அடியில் ரத்து உத்தரவும் தயாராக இருந்தது. பேனா மூடி கழன்றது. சலூன்காரரின் கையில் கத்திரி திறந்தபடியே நின்றது. ஏழு மாதம் காத்த கடை, ஒரு கையெழுத்துத் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது.

அவர் மனைவி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

“தாராளமாப் போடுங்க சார். அதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். ஐயாமாருங்க எல்லாம் கொஞ்சம் சுவரைப் பார்த்துத் திரும்பி நில்லுங்க. எங்க வீட்டுக்காரர் இன்னும் யார் யார் அசந்து தூங்கறப்ப வந்து வெட்டுனாருன்னு ஒருவழியாப் பார்த்துடலாம்.”

யாரும் திரும்பவில்லை. மருத்துவர் சங்கத் தலைவர் சுவரோடு இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டார். பள்ளி முதல்வர் கூரையில் மின்விசிறியின் இறக்கைகளை எண்ணினார். துணை ஆணையர் வரிசையைக் கண்ணாடி வழியாக ஒருமுறை பார்த்தார். தன் யோசனை தனக்கு மட்டும் உதித்ததல்ல என்று புரிந்தபோது, குட்டு உடைந்ததைவிட அதுதான் அவரை அதிகம் நோகடித்தது போலிருந்தது.

“சார், நேரமாகுது,” என்றார் வணிகர் சங்கத் தலைவர், வறண்ட குரலில். “அனுமதிக் கடுதாசியிலயே போட்டுவிடுங்க. நல்ல மனுஷன்.”

“ஆமாமா, நல்ல மனுஷன்,” என்றார் மருத்துவர்.

கையெழுத்து விழுந்தது. சலூன்காரரின் மனைவி காகிதத்தை வாங்கி, மை காயட்டும் என்று விசிறியடியில் பிடித்தார்.

பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராக, ஏதோ தேசக் கவலையில் ஆழ்ந்தவர்கள் போலப் பிடரியில் ஒரு கையை வைத்துக்கொண்டு வெளியேறினார்கள். நிருபருக்கு இரண்டு கையிலும் கேமரா சாமான். அவர் சலூன் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கிக் கழுத்தில் சுற்றிக்கொண்டு போனார்.